காலையில் பழம், சாயங்காலம் படம்

எங்கள் வீட்டு முன்னறையில், சன்னலை ஒட்டிய சுவரில், ஒரு மரப்பலகை இருப்பதுபோல் தெரியும். அதன்மேல் ஒரு சீப்பு மலைவாழைப்பழம். ஓரத்துப் பழங்களின் தோல் கறுக்கத் தொடங்கியிருக்கும். பக்கத்தில் இரண்டாக அரிந்த கொய்யா, ஒரு பித்தளைச் சொம்பு, ஒரு கத்தி. கத்தியின் பிடி பலகையைத் தாண்டி அறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். கடந்து போகிறவர்கள் தோளை ஒதுக்கிக்கொள்வார்கள். கொய்யாவின் சதைமேல் ஒரு ஈ உட்கார்ந்திருக்கும். இவற்றில் எதுவுமே அங்கே இல்லை. துணியில் தீட்டிய ஓவியம் அது. கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த தோழி என் கல்யாணத்துக்கு வரைந்து கொடுத்தாள். பார்க்கிறவர் கண்ணை ஏமாற்றுவதற்காகவே இப்படி வரைகிற ஒரு முறை உண்டு என்றும், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அதைப் பார்த்துத்தான் மாட்ட வேண்டும் என்றும் சொல்லியனுப்பினாள். அவள் தீட்டிய நிழல்கள் எல்லாம் வலப்பக்கம் சாய்ந்திருந்தன. சன்னல் இடப்பக்கம் இருக்கும்படி மாட்டினோம். அதனால் காலை வெயில் சன்னல் வழியாக வரும்போது பழத்தின் பொய் நிழலும் சுவரின் மெய் நிழல்களும் ஒரே திசையில் விழும். அப்போது யாராக இருந்தாலும் ஏமாறுவார்கள். பொழுது சாய்ந்து வாசல் வழியாக வெளிச்சம் வந்தால் அது தட்டையான படமாகிவிடும். ‘காலைல பழம், சாயங்காலம் படம்’ என்பார் நங்கை.

கணவரின் அக்காவை எங்கள் பக்கத்தில் நங்கை என்றுதான் அழைப்போம். நான் முள்ளுக்குறிச்சியில் பிறந்து வளர்ந்தவள், மலையடிவாரத்துக்காரி. மலைமேல் குண்டூர் நாடு என்கிற பகுதியில் வாழ்க்கைப்பட்டு வந்தபோது மாமனார், மாமியார் இருவரும் உயிரோடு இல்லை. வீட்டில் பெரியவர் என்று இருந்தவர் நங்கை ஒருவர்தான். சின்ன வயதில் மலைக்குக் கீழே சமவெளியில் கட்டிக்கொடுத்து, புருஷன் லாரி விபத்தில் போனபின் திரும்பி வந்தவர். குழந்தை இல்லை. மிளகுக்கொடியும் மரவள்ளியுமாக இருந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டு, தன்னைவிட மிகவும் சிறியவரான என் கணவரை வளர்த்தவர். மெலிந்த உடம்பு, பெரிய குரல். அவர் பேசுவது திட்டுவதா கேலியா என்று புரிந்துகொள்ளவே எனக்கு நாள் பிடித்தது.

ஓவியத்தை மாட்டிய அன்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். கொய்யாமேல் இருந்த ஈயை முந்தானையால் ஒருமுறை விசிறிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “ஏன் அம்மிணி, இதை இங்க மாட்டிட்டா வர்றவங்களுக்கு எதைக் குடுக்கறது?” என்றார்.

எனக்குப் புரியவில்லை. அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. தின்கிற பண்டம் எதுவும் வந்தவர் கண்ணில் பட்டுவிட்டால் அவருக்கு அதில் பங்கு உண்டு. பலாவைப் பிளந்து வைத்திருக்கும்போது தபால்காரர் வந்தால் தபால்காரருக்குச் சுளை. கொடுக்க மனமில்லையா, உள்ளே கொண்டுபோய் மூடி வை; கண்ணில் காட்டிவிட்டுக் கொடுக்காமல் அனுப்பாதே. இப்படி இருக்கிற வீட்டின் முன்னறையில், வருகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும்படி, யாருக்கும் கொடுக்க முடியாத ஒரு சீப்புப் பழத்தை நான் மாட்டிவிட்டேன். கழற்றிவிடட்டுமா என்று கேட்டேன். நான் எதையும் அப்படித்தான், செய்துவிட்டுக் கேட்பேன்; கேட்டுவிட்டுச் சரியா என்று யோசிப்பேன். “மாட்டுனது மாட்டியாச்சு, இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு நங்கையே வழி கண்டுபிடித்தார். ஓவியத்துக்கு நேர் கீழே ஒரு முக்காலி போட்டு, அதன்மேல் எவர்சில்வர் தட்டில் நிஜப் பழம் வைத்தார். படத்தைப் பார்த்து ஏமாறுகிறவர்களுக்கு அதிலிருந்து ஒரு பழம். ஏமாறாதவர்களுக்கும் கிடைக்கும்தான், ஆனால் ஏமாந்தவர்களுக்கு அதோடு ஒரு வார்த்தையும் கிடைக்கும். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் கத்திப் பிடியில் இடித்துக்கொள்ளாமல் சிலிண்டரை வளைத்து எடுத்துப் போனபோது, “மெதுவாப் போங்க சாமி, படம் கிழிச்சுப்புடப் போவுது” என்றார். கண்ணாடி போட்ட ஊர்ப் பெரியவர் ஒருவர் சீப்பை நோக்கிக் கையே நீட்டிவிட்டார். “கண்ணாடி போட்டுமா? ஓட்டுப் போடறதும் இந்தக் கண்ணுலதானுங்களா?” என்று நங்கை கேட்க, அவர் பழத்தை உரித்துக்கொண்டே சிரித்தார். அந்தச் சில வருடங்கள் எங்கள் வீட்டுக்கு ஒரு பெயரே இருந்தது: ஏமாந்த பழம் கொடுக்கிற வீடு.

மகள் பிறந்து தவழத் தொடங்கியதும் எனக்கு அந்தக் கத்தியைப் பார்த்தால் பயம் வரும். வரைந்த கத்தி என்று தெரிந்தும், அவள் அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கும்போது ஓடிப்போய்த் தூக்கிவிடுவேன். நங்கை தலையில் அடித்துக்கொள்வார். “படிச்ச புள்ளை இப்படியா பயப்படும்? அது குத்தாது அம்மிணி. நெசக் கத்தி அடுப்பாங்கரையில கெடக்குது, மொதல்ல அதை எடுத்து மேல வை.” போய்ப் பார்த்தால் உண்மையிலேயே அரிவாள்மனையின் பக்கத்தில் கத்தி கிடக்கும். எதற்குப் பயப்பட வேண்டுமோ அதற்குப் பயப்படாமல் வேறொன்றுக்குப் பயந்துகொண்டிருப்பது என் சுபாவம் என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

நங்கையின் நோய் தண்ணீர்ச் சொம்பில் தொடங்கியது. சோற்றுக்கு நடுவே அடிக்கடி தண்ணீர் குடிக்கிறாரே என்று கவனித்தேன். பிறகு ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர். பிறகு சோற்றை விட்டுக் களி, களியை விட்டுக் கூழ். கேட்டால், “பல்லு வலி.” வற்புறுத்திச் சேலத்துக்கு அழைத்துப்போனபோது உணவுக்குழாயில் புற்று, முற்றிவிட்டது, அறுவைச் சிகிச்சைக்கு உடம்பு தாங்காது என்றார்கள். வயிற்றில் துளையிட்டு ஒரு குழாய் பொருத்தி அனுப்பினார்கள். கஞ்சியை வடிகட்டி அதன் வழியாக விட வேண்டும். வாய் வழியாக ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும் என்று மருத்துவர் என்னிடம் தனியாகச் சொன்னார். நான் விலங்கியல் படித்தவள். உணவுக்குழாயும் மூச்சுக்குழாயும் ஒன்றையொன்று ஒட்டி இறங்கும் படத்தை வரைந்து, பாகங்களைக் குறித்து, மதிப்பெண் வாங்கியவள். அவர் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் காரியம் உணவை ஒளித்ததுதான். முக்காலித் தட்டை எடுத்து உள்ளே வைத்தேன். தாளிப்பதை நிறுத்தினேன், வாசனை வந்தால் நங்கைக்குக் குமட்டும், எச்சில் ஊறி இருமல் வரும். நாங்கள் மூவரும் அடுப்பங்கரைக்குப் பின்னால் நின்றுகொண்டு திருடர்களைப்போலச் சாப்பிட்டோம். குழந்தைக்குப் பிஸ்கட் கொடுத்தால்கூட வெளியே கூட்டிப்போய்க் கொடுப்பேன். அன்பு என்றுதான் இதையெல்லாம் செய்தேன். ஒருநாள் நங்கை என்னைக் கட்டிலுக்கு அருகே கூப்பிட்டார். குரல் ஏற்கெனவே காற்றாகியிருந்தது. “அடுப்பு எரியாத ஊடு எழவு ஊடு. நான் இன்னும் இருக்கறேன் அம்மிணி” என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, கட்டிலை முன்னறைக்கு மாற்றச் சொன்னார். அந்த ஓவியத்துக்கு எதிரே.

மாற்றினோம். நலம் விசாரிக்க வந்தவர்கள் முதலில் நங்கையைப் பார்ப்பார்கள், பிறகு சுவரைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். மாமியாரின் தங்கை, என் சின்ன மாமியார், பக்கத்து ஊரில் இருக்கிறவர், வாசலிலேயே நின்று கேட்டுவிட்டார். “ஏங்கண்ணு, திங்க முடியாத மனுசி கண்ணு முன்னால பழத்தைக் காட்டி வெச்சிருக்கறயே, நெஞ்சுல ஈரம் வேண்டாமா?” அன்றே ஓவியத்தைக் கழற்றி நெல் மூட்டைக்குப் பின்னால் வைத்தேன். மறுநாள் காலை நங்கை வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையை ஆட்டி, ‘கொண்டு வா’ என்றார். கொண்டுவந்து காட்டினேன். “சித்தி கெடக்கறா. எனக்கு நாத்தமில்லாத பழம் இது ஒண்ணுதான். மாட்டு” என்றார். நிஜப் பழம் இனி அவருக்குக் குமட்ட மட்டுமே செய்யும். இந்தப் பழத்துக்கு வாசனை இல்லை. யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. அழுகுவதுமில்லை. இப்படியெல்லாம் அவர் நினைத்தாரா, நான்தான் நினைத்துக்கொள்கிறேனா, தெரியாது.

மகளுக்கு அப்போது மூன்று வயது. ஒரு காலையில் அவள் நாற்காலிமேல் ஏறி, ஓவியத்தில் இருந்த பழத்தை விரலால் கிள்ளி எடுப்பதுபோல் எடுத்து, கட்டிலுக்குக் கொண்டுபோய், “அத்தை, ஆ” என்றாள். நங்கை வாயைத் திறந்தார். அவள் வெறும் விரல்களை உதட்டில் வைத்ததும், மென்றார். கன்னம் உப்ப, கண்ணை உருட்டி உருட்டி மென்றார். குழந்தை அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விழுங்குவதுபோல் நங்கை ஒருமுறை தலையை அசைத்து, “அடேங்கப்பா, தேனு!” என்றதும் கைதட்டிக்கொண்டு அடுத்த பழத்துக்கு ஓடினாள். தினமும் நடந்தது இது. கொய்யாவும் ஊட்டினாள், ஈயைத் துரத்திவிட்டு ஊட்டினாள். என் கணவர் சந்தைக்கு வாழைத்தார் ஏற்றிப்போகும் ஜீப்பைக் கிளப்புவதற்கு முன் வாசலில் நின்று இதைப் பார்ப்பார். அந்த நாட்களில் அவர் முகம் கொஞ்சம் இளகுவது அப்போது மட்டும்தான். எனக்கு உள்ளூர ஏதோ உறுத்தியது. “இது சரிங்களா? புள்ளைக்கு வேற மாதிரி பழகிருமோ?” என்று அவரிடம் கேட்டேன். “வெளையாட்டு தானே, விடு. அக்கா சிரிக்குதுல்ல” என்றார். விட்டேன். அவர் சொன்னது தவறில்லை. நான் கேட்டதும் தவறில்லை. இரண்டையும் இன்றுவரை மாற்றி மாற்றி எடைபோட்டுக்கொண்டிருக்கிறேன்.

நோயாளியைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. தொண்டை அடைத்துக் கிடக்கிறவர் என்று தெரிந்தே வருகிறவர்களும் ரொட்டியும் ஆரஞ்சும் கொண்டுவருவார்கள். வாங்காமல் வந்தால் பிழைக்கமாட்டார் என்று முடிவு கட்டிவிட்டதாக ஆகிவிடும் அல்லவா. எல்லாவற்றையும் வாங்கிய கையோடு உள்ளே கொண்டுபோய் மறைத்துவிடுவேன். அன்று காலை வந்தவர்கள், நங்கையோடு மிளகுக் காட்டில் வேலை செய்த பெண்கள், ஒரு சீப்பு மலைவாழை கொண்டுவந்தார்கள். நான் கை நீட்டினேன். நங்கை தடுத்தார். முக்காலியைக் காட்டி, “அங்க வை. வர்றவங்களுக்கு ஆவும்” என்றார். நான் தயங்கினேன். “இத்தன நாளா என்ற ஊட்டுல வந்தவங்க வெறும் வாயோடல்லோ போறாங்க” என்றார். தட்டைக் கழுவித் துடைத்து, ஓவியத்துக்குக் கீழே வைத்தேன். வந்த பெண்களுக்கு நங்கை தன் கையாலேயே ஆளுக்கொன்று எடுத்துக் கொடுத்தார். வெகுநாளைக்குப் பிறகு அவர் வீட்டுக்காரியாக உட்கார்ந்திருந்தார்.

அவர்கள் போனபின், குழாயில் விட வேண்டிய ராகிக் கஞ்சியை வடிகட்ட நான் உள்ளே போனேன். மெல்லிய துணியில் பிழிந்துகொண்டிருந்தபோது இருமல் கேட்டது. அவர் எப்போதும் இருமுவார்தான்; ஆனால் இது நிற்கவில்லை. ஓடிவந்தேன். மகள் கட்டிலருகே நின்றிருந்தாள். கையில் உரித்த தோல். பழம் பாதிக்குமேல் இல்லை. முகமெல்லாம் சிரிப்பு. “அம்மா, அத்தை நெசமாவே சாப்புட்டாங்க!” என்றாள். நங்கை கண்ணில் நீர் வழிய, உதடு நீலம் பாய, ஒரு கையை உயர்த்தி ‘ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை’ என்று எனக்குச் சைகை காட்டிக்கொண்டிருந்தார். இன்னொரு கை குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஆம்புலன்ஸில் நானும் நங்கையும் போனோம். என் கணவர் சந்தையிலிருந்து நேராக வருவதாகச் சொல்லியிருந்தார். அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கும் வளைவுகளில் வண்டி திரும்பும்போதெல்லாம் நங்கையின் தலை என் மடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டது. ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கி ஏதோ சொல்ல முயன்றார். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. நான் குனிந்து காதைக் கொடுத்தேன். “நல்லாப் பழுத்திருந்துச்சு அம்மிணி” என்றார்.

குழந்தை ஆசையாக நீட்டியதை மறுக்க மனமில்லாமல் வாங்கினாரா? அல்லது கடைசியாக ஒரு தடவை நாக்கில் ருசி படட்டும் என்று, என்ன ஆகும் என்று தெரிந்தே வாங்கினாரா? அந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

மருத்துவமனையில் மருத்துவர், “வாய் வழியா ஏதாவது குடுத்தீங்களா?” என்று கேட்டார். அதற்குள் என் கணவர் வந்துவிட்டார். நான் பதில் சொல்லுமுன் நங்கை மூச்சுத் திணறத் திணற, ஒவ்வொரு சொல்லாக, “நானாத்தான்... எடுத்துத் தின்னேன்” என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். வேண்டிக்கொள்ளும் பார்வை இல்லை அது. அடுப்பாங்கரைக் கத்தியை எடுத்து மேலே வை என்று சொல்வாரே, அந்தப் பார்வை. நான் வாயை மூடிக்கொண்டேன். நுரையீரலில் சளி கட்டி, காய்ச்சல் இறங்காமல், சில நாட்களில் போய்விட்டார். எச்சில் இறங்கினாலே இப்படி ஆகக்கூடியதுதான், எப்போது வேண்டுமானாலும் நடந்திருக்கும் என்று மருத்துவர் ஆறுதலாகச் சொன்னார். உண்மையாகவும் இருக்கலாம்.

என் கணவரால் அக்காவை மன்னிக்க முடியவில்லை. “இத்தன நாள் பொறுத்தவளுக்கு ஒரு பழத்துல என்ன அவசரம்? நாலு மாசமாச்சும் இருந்திருப்பால்ல” என்பார். படையல் போட்ட அன்று, இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்தபோது, சின்ன மாமியார் வாழைப்பழத்தை எடுத்தார். “அது வேண்டாம்” என்று இவர் பிடுங்கி வெளியே எறிந்தார். அதன்பிறகு அவர் வாழைப்பழம் தின்னவில்லை. வாரந்தோறும் ஜீப் நிறைய அதைத்தான் ஏற்றிப்போய் விற்கிறார். ஒன்றைக்கூட வீட்டுக்குள் கொண்டுவந்ததில்லை. நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அக்காமேல் இருந்த அந்தக் கோபம் போயிருக்கும். ஆனால் அது போய் எங்கே இறங்கும்? மகளைப் பார்க்கும்போதெல்லாம் அவர் கண்ணில் அது ஒரு கணம் வந்து போனால்கூட என்னால் தாங்க முடியாது. ஒருபக்கம் தம்பியின் மனத்தில் நங்கை அவசரக்காரியாக, பேராசைக்காரியாக நின்றுகொண்டிருந்தார். இன்னொரு பக்கம் குழந்தை. நங்கை ஏற்கெனவே தேர்ந்தெடுத்துவிட்டார். நான் அதைக் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

ஓவியத்தைக் கழற்றிவிடு என்று பலரும் சொன்னார்கள். கழற்றினால் மகள் ஏன் என்று கேட்பாள். கழற்றாவிட்டால் தினமும் பார்ப்பாள். எது நல்லது என்று என்னால் முடிவெடுக்க முடியவில்லை. முடிவெடுக்காததால் அது அங்கேயே இருந்தது. அவள் மறந்துவிடுவாள் என்று நம்பினேன். மூன்று வயது நினைவு யாருக்கு நிலைக்கிறது?

இப்போது அவள் இரண்டாம் வகுப்பு. சென்ற மாதம் ஒரு காலை சின்ன மாமியார், புதிதாகக் கல்யாணமான தன் மகனையும் மருமகளையும் விருந்துக்கு அழைத்துவந்தார். நல்ல வெயில். அந்தப் பெண் பேசிக்கொண்டே சுவரருகே போனவள், கத்திப் பிடியைக் கண்டு தோளை ஒதுக்கிக்கொண்டாள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். மகள் வாசலுக்கு ஓடினாள். வெளியே ஜீப்பில் ஏற்றிவைத்திருந்த தாரிலிருந்து ஒரு பழத்தைத் திருகிப் பறித்துக்கொண்டு வந்து புதுப்பெண்ணிடம் நீட்டினாள்.

“ஏமாந்தவங்களுக்கு ஒரு பழம். இது எங்கத்தை வெச்ச சட்டம்” என்றாள். யாரும் அவளுக்கு இதைச் சொல்லித்தந்ததில்லை. பிறகு, அதே மூச்சில், “எங்கத்தைக்கு நாந்தான் கடைசியா ஊட்டிவுட்டேன். படத்துப் பழம் இல்ல, நெசப் பழம். நல்லா சாப்புட்டாங்க, இல்லம்மா?” என்றாள்.

புதுப்பெண் சிரித்த முகத்தோடு நின்றாள். அவளுக்கு எதுவும் தெரியாது. சின்ன மாமியார் வாயில் கைவைத்துக்கொண்டார். என் கணவர் ஜீப் சாவியைப் பிடித்தபடி நிலைப்படியில் நின்றிருந்தார். மகளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். இல்லை கண்ணு, அத்தையே எடுத்துச் சாப்பிட்டாங்க என்று நான் சொல்லியிருக்கலாம். அந்தப் பொய்யைத்தான் இத்தனை காலம் காப்பாற்றி வந்தேன். ஆனால் அவள் முகத்தில் அன்றைய சிரிப்பு அப்படியே இருந்தது. அவள் வாழ்க்கையில் செய்த பெரிய நல்ல காரியம் அதுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஒருநாள் அவளும் பாடப்புத்தகத்தில் அந்த இரண்டு குழாய்களின் படத்தை வரைந்து பாகங்களைக் குறிப்பாள். அன்று அவளுக்குத் தெரிந்துவிடும். இன்று அவளிடமிருந்து அதைப் பிடுங்க எனக்குக் கை வரவில்லை.

“ஆமா கண்ணு” என்றேன். “நல்லா சாப்பிட்டாங்க.”

அவர் உள்ளே வந்தார். புதுப்பெண்ணின் கையிலிருந்த பழத்தைக் காட்டி, “குடும்மா” என்று வாங்கினார். நங்கையின் கட்டில் இருந்த இடத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“எப்படி ஊட்டுன சாமி? அப்பனுக்குக் காட்டு.”

மகள் பழத்தை உரித்தாள். சின்னதாக ஒரு துண்டு கிள்ளி, “ஆ” என்றாள். அவர் வாயைத் திறந்தார். மென்றார். அவள் அவர் தொண்டையையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது இறங்கும்வரை நானும் பார்த்துக்கொண்டு நின்றேன்.